அம்மம்மா, ஹீற்றிங்கை நிப்பாட்டாதேங்கோ

அன்பான அம்மம்மாவுக்கு,

இதை நேர சொன்னா ரெண்டு பேருக்கும் குரல் ஏறிப்போகுது, நீங்களும் "சரி சரி மோனை, போய் வேலையைப் பார்" எண்டு கதையை முடிச்சுப்போடுவியள், அதான் எழுதுறன். ரப்லெற்றில எழுத்தைப் பெருசாக்கி ஆறுதலா வாசியுங்கோ.

போன செவ்வாய்க்கிழமை விடியக்காலமை அஞ்சரைக்குத் தண்ணி குடிக்க இறங்கி வந்தனான். குசினியில லைற் இல்லை, இருட்டுக்குள்ள கதிரையில நீங்கள், சுவெற்றருக்கு மேல சுவெற்றர், அதுக்கு மேல அம்மாவின்ர பழைய கோட், தலையில மப்ளர். ஹோலுக்க போய், வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற தேர்மோஸ்டாற்றைப் பாத்தா 14 டிகிரி. இரவு படுக்கப் போகேக்க நான் 19-இல விட்டிட்டுப் போனது. தேத்தண்ணியை உங்கட கையில தரேக்க விரல் பட்டுது, ஐஸ்கட்டி மாதிரி, நகமெல்லாம் நீலம் பாரிச்சிருந்தது. "குளிருதா அம்மம்மா?" எண்டு கேக்க "இல்லை மோனை, எனக்கொண்டும் குளிரேல்ல" எண்டியள். நீங்கள் பொய் சொன்னதெண்டு முதல் நினைச்சன். இல்லை, உங்களுக்கு உண்மையாவே குளிர் தெரியேல்ல. அதுதான் எனக்குப் பயம்.

வயசு போகப் போக உடம்புக்குக் குளிரை மட்டுக்கட்டத் தெரியாமப் போகுது அம்மம்மா. எங்களுக்கெண்டா குளிர் பட்டவுடன தோலுக்குக் கீழ இருக்கிற இரத்தக் குழாய் சுருங்கி சூட்டை உள்ளுக்க பிடிச்சு வைக்கும், பத்தாட்டி உடம்பு நடுங்கி சூட்டை உண்டாக்கும். 84 வயசில ரெண்டுமே மந்தம், சூடு உண்டாக்கிற தசையும் வத்திப்போச்சு. குளிருக்க இருந்தா பிறஷர் ஏறும், இரத்தம் தடிக்கும், பனிக்காலத்தில ஹார்ட் அற்றாக்கும் பாரிசவாதமும் கூட வாறதுக்கு அதுவும் ஒரு காரணம். நீங்கள் பிறஷருக்குக் குளிசை போடுற ஆள். வயசுபோன ஆக்கள் இருக்கிற அறை குறைஞ்சது 18 டிகிரி இருக்கோணும் எண்டு இஞ்ச இங்கிலாந்துச் சுகாதாரப் பகுதி சொல்லுது, உலக சுகாதார நிறுவனம் 2018-இல எழுதினதும் அதே 18 தான். எங்கட லண்டன் ஈஸ்ற்ஹாம் வீடு நூறு வருஷத்துக்கு மேல போன செங்கல் வீடு, சூட்டைத் தடுக்கிறதுக்குச் சுவருக்குள்ள இடைவெளி இல்லை, நீங்கள் பத்து மணிக்கு நிப்பாட்டினா விடியிறதுக்குள்ள சூடெல்லாம் சுவராலயே வெளிய போயிடும்.

இது எங்க துவங்கினது எண்டும் எனக்குத் தெரியும். 2022 கார்த்திகை. 2021 ஒக்டோபரில ஒரு சாதாரண வீட்டுக்கு வருஷத்துக்கு 1,277 பவுண்ஸ் எண்டு கணக்குப் போட்ட கரண்டும் காஸும், அரசாங்கம் இடையில பூந்து பிடிச்சும் அடுத்த ஒக்டோபரில 2,500-க்கு வந்து நிண்டது. நான் வேலையால வந்து சப்பாத்தைக் கூடக் கழட்டாம பில்லைப் பிரிச்சுப் பாத்திட்டு "ஆர் ஹீற்றிங்கைக் கூட்டினது, இந்த வீட்டில ஆருக்கும் காசின்ர அருமை தெரியாதா" எண்டு கத்தினனான். நீங்கள் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தனீங்கள். குழைச்ச கை அப்பிடியே கோப்பையில நிண்டது. ஒரு சொல் சொல்லேல்ல. அடுத்த நாளில இருந்துதான் தேர்மோஸ்டாற் தானா இறங்கத் துவங்கினது. நான் உங்களைச் சொல்லேல்ல அம்மம்மா, ஆனா உங்களுக்குப் பட்டிருக்கு, இத்தனை வருஷமா நான் அதுக்கு ஒரு மன்னிப்புக் கேக்கேல்ல. இப்ப கேக்கிறன்.

1990-இல யாழ்ப்பாணத்தில கரண்ட் போனபிறகு நீங்கள் ஜாம் போத்தல் விளக்கில கொஞ்சூண்டு மண்ணெண்ணெயை வைச்சு அம்மாவையும் மாமாவையும் படிப்பிச்ச கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தனான். எண்ணெய் விக்கிற விலைக்கு, திரியை ஒரு நூல் கூட உயர்த்த விடமாட்டியளாம். அந்தக் கைதான் இப்ப தேர்மோஸ்டாற்றைத் தேடிப் போகுதெண்டு விளங்குது. ஆனா அங்க மார்கழிப் பனியிலயும் 20-க்குக் கீழ போறது அருமை. இருட்டை நீங்கள் சமாளிச்சனீங்கள், இது வேற, இது ஆளையே விழுத்திற குளிர்.

காசுக் கணக்கும் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. ஹீற்றிங்கை நிப்பாட்டிப்போட்டு காலடியில அந்தக் காத்தடிக்கிற ஹீற்றரைப் போடுறியள், "ஒரு அறைக்குத்தானே" எண்டு. ஹீற்றிங் ஓடுறது காஸில, அது ஓடுறது கரண்டில. கரண்ட் ஒரு யூனிற் காஸைவிட கிட்டத்தட்ட நாலு மடங்கு விலை. அந்த ஹீற்றர் 2 கிலோவாற், ஒரு மணித்தியாலம் ஓடினா 50 பென்ஸ், நீங்கள் மூண்டு நாலு மணித்தியாலம் இருக்கிறியள். அதோட குளிர் அறையில ஈர உடுப்பைக் காயப் போட்டு யன்னலெல்லாம் தண்ணி வழிஞ்சு, உங்கட கட்டிலுக்குப் பின்னால மூலையில கறுப்பாப் பூஞ்சணம் பிடிச்சிருக்கு, நான் கட்டிலை இழுத்துப் பாத்தனான். இரவில நீங்கள் இருமுறதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம்.

(அம்மா "வேர்க்குது" எண்டு யன்னலைத் திறக்கிறது தனிக் கதை, அவவோட நான் கதைக்கிறன்.)

பிறகு அந்த 300 பவுண்ஸ். 80 வயசு தாண்டினவைக்குப் பனிக்காலச் சூட்டுக்கெண்டு அரசாங்கம் தாற காசு. 2024-இல அதை உங்களுக்கு நிப்பாட்டினவங்கள், அந்த வருஷம் நீங்கள் இன்னும் ஒடுங்கிப் போனீங்கள். 2025-இல திரும்ப வந்தது, வந்த கையோட என்வலப்பில போட்டு பூட்டப்பிள்ளைகளுக்குப் பிரிச்சுக் குடுத்திட்டியள். அது உங்கட கால் சூடா இருக்கிறதுக்கு வந்த காசு அம்மம்மா, அதைக் குடுக்க உங்களை ஆரும் கேக்கேல்ல.

தேர்மோஸ்டாற்றுக்கு லொக் போடுவம் எண்டு தம்பி சொன்னவன், நான் மாட்டன் எண்டிட்டன். உங்கட சொந்த வீட்டில உங்களுக்கு ஒரு சுவிச் தொட உரிமை இல்லாமப் பண்ண எனக்கு மனம் வரேல்ல. அதுக்குப் பதிலா வேற சிலது செய்திருக்கிறன். தண்ணியைச் சூடாக்கிற போய்லரில இருந்து அறையளைச் சூடாக்கிற ரேடியேற்றருக்குப் போற தண்ணியின்ர சூட்டை 60 டிகிரிக்கு இறக்கி விட்டனான், வீடு மெல்லமாத்தான் சூடாகும், ஆனா காஸ் மிச்சம். உங்கட அறை ரேடியேற்றரின்ர திருகி 3-இல நிக்குது, அதை விடுங்கோ. கட்டிலில கரண்ட் போர்வை விரிச்சிருக்கு, இரவு முழுக்க ஓடினாலும் 20 பென்ஸ் வரைதான், கணக்குப் பாத்திட்டுத்தான் வாங்கினனான். தலைமாட்டில ஒரு சின்ன வெப்பமானி ஒட்டியிருக்கு, 18-இல சிவப்புக் கோடு. முள் அதுக்குக் கீழ போனா உங்களுக்குக் குளிருதோ இல்லையோ என்னை எழுப்புங்கோ, ரெண்டு மணியெண்டாலும் பரவாயில்லை.

பில் இனி என்ர ஈமெயிலுக்குத்தான் வரும். ஷெல்ஃபில கரண்ட், காஸ் செலவைச் சொல்லிச் சிவப்பு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்ன மீற்றர் பெட்டியை எடுத்து என்ர லாச்சிக்குள்ள வைச்சிட்டன், தேடாதேங்கோ.

உங்கட பேத்தி