எக்ஸ் ஜோனும் உன் மாமனாரும்

ஹூஸ்டன்,
ஜூன் முதல் வாரம்

அன்புள்ள கல்பனாவுக்கு,

வீட்டுப் படங்களெல்லாம் வந்து சேர்ந்தன. சமையலறை அமர்க்களம். மாமனார் ஊரிலிருந்து வந்துவிட்டதில் சந்தோஷம். முருங்கைக்கீரை கிடைக்கவில்லை என்று இதற்குள் புலம்ப ஆரம்பித்திருப்பார். இங்கே எல்லோரும் சுகம். நலம் விசாரித்தாயிற்று.

உன் மெசேஜின் கடைசி வரிக்குத்தான் இந்தக் கடிதம். "எங்க வீடு எக்ஸ் ஜோன், புயல் வந்தாலும் கிளம்ப வேண்டியதில்லைன்னு ஏஜென்ட் சொல்லிட்டார்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு, பக்கத்தில் சிரிக்கிற பொம்மை வேறு. போனில் கூப்பிட்டுத் திட்டலாம் என்றுதான் பார்த்தேன். நாலு வார்த்தைக்குள் "சரிடி, சரிடி" என்று வைத்துவிடுவாய். எழுதி அனுப்பினால் உன் கணவர் ரவியும் படிப்பார்.

எக்ஸ் என்பது ஃபீமா என்கிற அமெரிக்கப் பேரிடர் நிர்வாகத் துறையின் வெள்ள வரைபடத்தில் வரும் எழுத்து. எந்த ஒரு வருஷத்திலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம் எதுவரை ஏறும் என்று கணக்கிட்டு, வீட்டுக் கடனுக்கு வெள்ள இன்ஷூரன்ஸ் கட்டாயமா இல்லையா என்று சொல்வதற்கான படம் அது. வெளியேறுவதற்கான மண்டலம் வேறு படம், வேறு கணக்கு. அதில் ஏ முதல் ஈ வரை ஐந்து எழுத்துகள். ஆயிரக்கணக்கான கற்பனைப் புயல்களைக் கணினியில் ஓடவிட்டு, ஒவ்வொரு அளவுப் புயலும் இருப்பதிலேயே மோசமான கோணத்தில் வந்தால் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று பார்த்து வரைந்தது. உன் முகவரியை உங்கள் ஃப்ளோரிடாவின் பினெல்லஸ் கவுண்டி தளத்தில் போட்டுப் பார்த்தேன். பி. அதாவது ஏ மண்டலத்துக்கு அடுத்தபடியாக உங்களைத்தான் கிளம்பச் சொல்வார்கள். எக்ஸ் ஜோனிலும் இருந்துகொண்டு பி மண்டலத்திலும் இருக்க முடியுமடி! உங்கள் ஊர் ஓல்ட்ஸ்மார் டாம்பா விரிகுடாவின் வடகோடி. வாய் வழியாக உள்ளே தள்ளப்பட்ட தண்ணீர் மேற்கொண்டு போக இடமில்லாமல் குவிகிற மூலை அது.

"கேட்டகரி பார்த்து முடிவு பண்ணிக்கலாம்" என்பது ரவியின் கட்சி என்று எழுதியிருந்தாய். ஒன்று முதல் ஐந்து வரை போடுகிற அந்த எண் காற்றின் வேகத்தை மட்டும்தான் சொல்லும். மணிக்கு 74 மைலில் ஒன்று தொடங்குகிறது, 157-ஐத் தொட்டால் ஐந்து. கடல் எத்தனை அடி ஏறும், மழை எவ்வளவு கொட்டும், கரண்ட் எத்தனை நாள் போகும் என்பதெல்லாம் அதில் கிடையாது. 2017-இல் ஹார்வி ஹூஸ்டனை மூழ்கடித்தபோது அது ஹரிகேன் என்ற பட்டத்தையே இழந்து ட்ராபிகல் ஸ்டார்மாக இளைத்திருந்தது. 2024 ஜூலையில் வந்த பெரில் வெறும் ஒன்றாம் எண்தான். இந்த வட்டாரத்தில் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போயிற்று.

உங்கள் பக்கத்துக் கதை இன்னும் நன்றாகப் புரியவைக்கும். 2024 செப்டம்பர் 26, ஹெலீன். மையம் உங்கள் கரைக்கு நூறு மைலுக்கு அப்பால் கடலிலேயே வடக்கே போய், பெர்ரி பக்கம் கரையேறியது. ஆனாலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தண்ணீர் வழக்கமான உயர் ஓத மட்டத்துக்கு மேல் ஆறடி ஏறியது. பினெல்லஸில் மட்டும் 12 பேர் இறந்தார்கள். இரண்டே வாரத்தில், அக்டோபர் 9-ஆம் தேதி, மில்டன். டாம்பாவின் தலையில்தான் விழும் என்று பயந்துகொண்டிருக்க, தெற்கே சியெஸ்டா கீயில் கரையேறியது. விரிகுடாவில் தண்ணீர் ஏறுவதற்குப் பதில் வற்றிப் போய்த் தரை தெரிந்தது.

காரணம் எளிது. நம் பாதி உலகத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுழலும். மையம் உங்களுக்கு மேற்கே கடலில் போனால், தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் காற்று விரிகுடாவுக்குள் கடலைத் தள்ளும். உங்களுக்குத் தெற்கே கரையேறினால், கிழக்குக் காற்று தண்ணீரை வெளியே விரட்டும். இந்த இரண்டு முடிவுக்கும் நடுவில் ஐம்பது அறுபது மைல்தான். இரண்டு நாள் முன்பு சொல்கிற கணிப்பு அந்த அளவு பிசகுவது சர்வசாதாரணம். டி.வி.யில் காட்டுகிற கூம்பு இருக்கிறதே, அதற்குள் மையம் அடங்குவதே மூன்றில் இரண்டு தடவைதான்; புயல் எவ்வளவு அகலம் என்பதை அது சொல்வதே இல்லை. கோட்டைப் பார்த்து "நம்ம மேல வரல" என்று உட்கார்ந்திருப்பது சுத்தமான தப்புக் கணக்கு.

பக்கத்து வீட்டு அம்மாள் "மில்டனுக்கு வீணாக ஓடினோம்" என்கிறாராம். வீணில்லை. கிளம்ப வேண்டிய நேரத்தில் யாருக்கும் அது சியெஸ்டா கீ என்று தெரியாது. 2022-இல் இயன் வந்தபோது இதே கதை மறுபக்கமாக நடந்தது. டாம்பாவுக்கு என்று முதலில் பேசப்பட்ட புயல் கிழக்கே திரும்பி ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் விழுந்தது. அங்கே லீ கவுண்டியில் வெளியேறும் உத்தரவே முந்தின நாள் காலையில்தான் வந்தது. அதனால் உத்தரவுக்காகக் காத்திருக்காமல் முடிவெடுக்கிற வழியைச் சொல்கிறேன், ஃப்ரிட்ஜில் ஒட்டி வை.

இங்கத்திய மந்திரம்: தண்ணீருக்குப் பயந்து ஓடு, காற்றுக்குப் பயந்து ஒளிந்துகொள். முதல் கேள்வி எப்போதும் தண்ணீர். நேஷனல் ஹரிகேன் சென்டர் அறிக்கை உங்கள் நேரப்படி காலை 5, 11, மாலை 5, இரவு 11 மணிக்கு வரும். அதைப் படி; நடுவில் டி.வி. பார்த்து ரத்தக்கொதிப்பை ஏற்றிக்கொள்ளாதே. ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு முன் சர்ஜ் வாட்ச், அதாவது புயல் தள்ளும் கடல் கரைக்குள் ஏறலாம் என்ற முன்னெச்சரிக்கை, கொடுப்பார்கள். அதோடு எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கலாம் என்று வண்ண வரைபடம் ஒன்று வரும். இதற்கு மேல் ஏற பத்தில் ஒரு வாய்ப்புதான் என்கிற அளவுக்கு மோசமான கணக்கு அது. உன் தெருவின் மேல் நிறம் விழுந்தால் வீட்டில் விவாதமே வேண்டாம், கிளம்பு. அடுத்து, 39 மைல் காற்று சீக்கிரமாக வந்தால் எத்தனை மணிக்கு வரும் என்று தனியாக ஒரு படம் உண்டு. அந்த நேரத்திலிருந்து 12 மணி நேரத்தைக் கழி. அதற்குள் கார் தெருமுனையைத் தாண்டியிருக்க வேண்டும். அந்தக் காற்று வந்தபின் பாலங்களை மூடுவார்கள், ஆம்புலன்ஸும் ஓடாது. 911-ஐ அழைத்தால் பதில் வரும், ஆள் வராது.

இப்போது உன் மாமனார். "கஜாவையே வேதாரண்யத்துல உக்காந்து பார்த்தவன் நான்" என்று மீசையைத் தடவியிருப்பார். பார்த்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே அவர் உட்கார்ந்திருந்தது கான்கிரீட் தளம் போட்ட வீடு. தண்ணீர் வந்தால் படியேறி மொட்டை மாடிக்குப் போகலாம். உன் வீட்டுக்கு மொட்டை மாடி ஏது? கீழே ஒரே தளம், மேலே சரிவான மரக்கூரை, அதன்மேல் ஷிங்கிள். தண்ணீர் துரத்தினால் ஏற மிச்சமிருப்பது கூரைக்கடியில் இருக்கும் அட்டிக். அதற்கு ஜன்னலும் கிடையாது, வெளியே வர வழியும் கிடையாது. கத்ரினாவில் நியூ ஆர்லியன்ஸில் அப்படி ஏறி மாட்டிக்கொண்டு இறந்தவர்கள் உண்டு. இதை அவரிடம் நீ சொல்லாதே, ரவி சொல்லட்டும். அட்டிக் மூடியைத் திறந்து ஏணியில் ஏற்றிக் காட்டினால் போதும், அவருக்கே புரிந்துவிடும். மனுஷர் பிடிவாதக்காரரே தவிர மடையர் இல்லை.

எங்கே போவது? அட்லாண்டாவில் ரவியின் அண்ணன் வீடு என்று மட்டும் சொல்லாதே. 2005-இல் ரீட்டாவுக்குப் பயந்து ஹூஸ்டன் வட்டாரத்திலிருந்து 25 லட்சம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ரோட்டில் இறங்கினார்கள். வண்டிகள் நகரவில்லை, பெட்ரோல் தீர்ந்தது, வெயில் நூறு டிகிரியை ஒட்டி அடித்தது. டெக்சாஸில் இறந்த நூற்றுச் சொச்சம் பேரில் பெரும்பாலோர் புயலில் சாகவில்லை, ஓடும் வழியில் செத்தார்கள். டாலஸ் அருகே முதியோர் இல்லத்து பஸ் ஒன்று தீப்பிடித்து, உள்ளே இருந்த ஆக்சிஜன் சிலிண்டர்களும் வெடித்து, 23 பேர் போனார்கள். ஃப்ளோரிடா அதிகாரிகள் "நூற்றுக்கணக்கான மைல் வேண்டாம், சில பத்து மைல் போதும்" என்று தலைதலையாக அடித்துக்கொள்வது இதனால்தான். வெஸ்லி சாப்பலில் பாலாஜி வீடு உனக்கு முப்பது மைல் சுமார். வடக்கே ஏறி 54-ஆம் சாலையில் கிழக்கே போனால் விரிகுடாப் பாலம் எதையும் தாண்ட வேண்டாம். ஆனால் பாலாஜி வீடு எந்த மண்டலத்தில் இருக்கிறது, பின்னால் இருக்கிற குளம் மழைக்கு வழியுமா என்று இப்போதே கேட்டு வை. மில்டன் மழையில் எந்த வெளியேறும் மண்டலத்திலும் இல்லாத வீடுகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஏ மண்டலத்தை மட்டும் கிளம்பச் சொல்லி, வரைபடத்தில் உன் தெரு வெள்ளையாகவே இருந்தால் தங்கலாம். அப்போது கேள்வி காற்றும் கரண்டும். வீடு 2002-க்குப் பிறகு கட்டியது என்றால் புதிய ஃப்ளோரிடா கட்டட விதிப்படிதான் இருக்கும். முதலில் கராஜ் கதவைப் பார். வீட்டிலேயே பெரிய ஓட்டை அதுதான். அது உள்ளே மடங்கினால் காற்று புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும். உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு காற்றழுத்தம் தாங்கும் என்று போட்டிருக்கும். ஜன்னலுக்கு ஷட்டர் இல்லாவிட்டால் 5/8 அங்குல பிளைவுட்டை இப்போதே அளவாக அறுத்து, எந்த ஜன்னலுக்கு எது என்று எழுதி அடுக்கி வையுங்கள். கண்ணாடியில் எக்ஸ் வடிவத்தில் டேப் ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை. துண்டுகள் பெரிதாக வந்து விழும், அவ்வளவுதான்.

எனக்கு உண்மையான கவலை புயல் ராத்திரியைப் பற்றி இல்லை, அதற்கப்புறம் வரும் வாரத்தைப் பற்றி. பெரிலுக்குப் பின் இங்கே ஒரு வாரத்துக்கு மேல் ஏ.சி. இல்லாத வீடுகள் இருந்தன. வெக்கை தாங்காமலும் ஜெனரேட்டர் புகையிலும் இறந்தார்கள். மாமனார் தூங்குவது மூச்சுக்குக் காற்றைத் தள்ளும் சிபாப் கருவியோடு, போட்டுக்கொள்வது இன்சுலின். திறந்த இன்சுலின் பெரும்பாலும் 86 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் 28 நாள் தாங்கும், திறக்காததற்குத்தான் ஐஸ்பெட்டி. சிபாபில் ஈரப்பதத்துக்கான ஹீட்டரை நிறுத்தினால் மின்சாரச் செலவு வெகுவாகக் குறையும், ஒரு பேட்டரி பெட்டியிலேயே ராத்திரி ஓட்டிவிடலாம். 2,000 வாட் ஜெனரேட்டர் ஃப்ரிட்ஜுக்கும் ஃபேனுக்கும் போதும். ஆனால் வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, புகைக்குழாய் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வைக்க வேண்டும். கராஜில், கதவு திறந்திருந்தாலும் கூடாது. அதைச் சுவர் பிளக்கில் சொருகி வீடு முழுக்க வெளிச்சம் போடும் வித்தையை யாராவது சொல்லிக் கொடுத்தால் ஓடிவிடு. கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் செத்துப் போவான். எப்படியும், மருத்துவக் கருவிக்குக் கரண்ட் தேவைப்படுகிறவர்களுக்கென்று கவுண்டியில் தனி முகாம் உண்டு. புயல் கிளம்பும் முன்பே பெயர் கொடுக்க வேண்டும், இந்த வாரம் கொடுத்துவிடு. என்னைக் கேட்டால், மாமனார் உங்களோடு தங்கியிருக்கிற வரை இரண்டாம் எண்ணுக்கு மேல் எது வந்தாலும், உத்தரவு வராவிட்டாலும், நான் கிளம்பிவிடுவேன்.

பையில் பாஸ்போர்ட்டுகள், உங்கள் விசா ஒப்புதலுக்கான ஐ-797 தாள்கள், மாமனார் நாட்டுக்குள் வந்த பதிவான ஐ-94-இன் அச்சுப்பிரதி, வீட்டுப் பத்திரம், கொஞ்சம் ரொக்கம். கரண்ட் இல்லாத ஊரில் கார்டு தேய்க்க முடியாது. எலெக்ட்ரிக் காரை கராஜில் விட்டுப் போகாதே. உப்புத்தண்ணீர் புகுந்த பேட்டரி சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும், வீட்டையும் சேர்த்து எரிக்கும்.

கடைசியாக, அந்த எக்ஸ். வீட்டு இன்ஷூரன்ஸ் வெள்ளத்துக்கு ஒரு பைசா தராது. காற்றுச் சேதத்துக்கும் புயல் டிடக்டிபிள் பெரும்பாலும் இரண்டு சதவீதம். நாலு லட்சம் டாலர் வீட்டுக்கு முதல் 8,000 உங்கள் கையிலிருந்து. அரசாங்க வெள்ளத் திட்டம் கட்டடத்துக்கு 2,50,000, சாமான்களுக்கு 1,00,000 வரை தரும், ஆனால் பணம் கட்டி 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். புயலுக்குப் பெயர் வைத்தபின் வாங்கிப் பயனில்லை. ரவியை திங்கட்கிழமை ஏஜென்டைக் கூப்பிடச் சொல். வேறு ஏஜென்ட்.

அன்புடன்,
சுமதி

பி.கு.: கிளம்பும் முன் இட்லி மாவை என்ன செய்வது என்று கேட்பாய், எனக்குத் தெரியும். கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜ் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம்தான். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் தாங்கும். மாவைப் பாலாஜி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ, அவனுக்கும் சந்தோஷம்.