கட்டடங்களை எழுதினீர்கள், கல்லூரியை விட்டுவிட்டீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ராமநாதபுரம் கடற்கரை ஊர்களைப் பற்றிய உங்கள் சிறப்பிதழில் மறைந்த தொழிலதிபர் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். கீழக்கரைக்காரர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். 1927இல் இந்த ஊரில் பிறந்தது, சென்னையில் ஜெமினி மேம்பாலத்தைக் கட்டியது அவருடைய நிறுவனம், பாலம் திறந்த அதே 1973இல் துபாயில் ஈடிஏ என்ற நிறுவனத்தைத் தொடங்கியது, 1984இல் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரி, 2015 ஜனவரியில் மறைவு என்று எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் கீழக்கரையிலேயே 1988இல் தொடங்கிய தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரிக்கு ஒரே ஒரு வரி. அதுவும் ‘பிற பணிகள்’ என்று கடைசியில். அந்தக் கல்லூரியில் படித்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஈடிஏ எங்கள் கரைக்கு என்ன செய்தது என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லி விளங்கவைப்பது கொஞ்சம் கஷ்டம். இது மழையை நம்ப முடியாத சீமை. சங்கு குளிப்பு, மீன், பனை, இவற்றை விட்டால் கப்பலேறிப் போவதுதான் பிழைப்பு. என் வாப்பா அந்த நிறுவனத்தில் லிஃப்ட் பொருத்தும் பிரிவில் இருந்தார். அவரைப் போல ஏர்வாடி, பெரியபட்டினம் என்று எத்தனையோ ஊர்களிலிருந்து போனார்கள். புர்ஜ் கலீஃபாவின் குளிர்சாதனம், மின்சாரம், குழாய் வேலைகளை எடுத்துச் செய்த கூட்டு நிறுவனங்களில் ஈடிஏவும் ஒன்று என்பதை உங்கள் கட்டுரை சொல்லவில்லை. அதையும் சேர்த்திருக்கலாம்.

சரி, ஆம்பளைகள் சபுராளிகளாக, அதாவது வெளிநாட்டில் பிழைப்பவர்களாக, போய்விட்டார்கள். வீட்டில் இருந்தவர்கள்?

வாப்பாவின் கடிதங்களை என் உம்மா யார் துணையும் இல்லாமல் வாசித்துவிடுவார். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் அது. எங்கள் ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டிலேயே கற்றுக்கொண்டது. பதிலும் அதிலேயே எழுதுவார், அழகான கையெழுத்து. ஆனால் உறைக்குள் டிராஃப்ட் இருந்தால் கதை மாறிவிடும். வங்கிச் செல்லானை நிரப்பத் தெரியாது. அடுத்த தெருப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று தொகையைச் சொல்வார். மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், இந்த மாதம் எங்கள் வீட்டுக்கு எவ்வளவு வந்தது என்று. உம்மாவுக்கு அது பெரிய அவமானம். வாய் திறந்து சொன்னதில்லை, முகத்தில் தெரியும்.

அந்தக் காலத்தில் பெண்பிள்ளை வயசுக்கு வந்தால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவது பல வீடுகளில் வழக்கம். அதையும் தாண்டிப் பன்னிரண்டாவது முடித்தவளுக்கு மதுரையில் இடம் கிடைத்தாலும் அனுப்ப மாட்டார்கள். வாப்பா வெளிநாட்டில், காக்கா (அண்ணன்) வெளிநாட்டில், யார் கொண்டுபோய் விடுவது என்பார்கள். ஊருக்குள்ளேயே கல்லூரி வந்தபோது அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் போனது. கல்லூரியை நடத்துவது அப்துர் ரஹ்மான் அவர்களின் சீதக்காதி அறக்கட்டளை என்பதால், வேண்டாம் என்று சொல்லப் பெரியவர்களுக்கும் மனம் வரவில்லை. வளைகுடாவில் தங்கள் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்த மனிதர் பெண்பிள்ளைகளைப் படிக்கச் சொல்கிறார், எப்படி மறுப்பது? ஒரு தொழிலதிபரின் செல்வாக்கு இதைவிட நல்ல காரியத்துக்குப் பயன்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. என் வகுப்பில் மீனவர் வீட்டுப் பெண்கள் இருந்தார்கள், பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வந்த இந்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். பட்டம் வாங்கிய வருஷம் முதல் எங்கள் வீட்டு வங்கிக் கணக்கு என் கையில்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். துபாயில் வேலை நிச்சயம் என்ற நம்பிக்கையில் எங்கள் பையன்களில் பலர் பத்தாவதோடு படிப்பை விட்டார்கள். தங்கை பி.எஸ்சி., அண்ணன் பத்தாவது ஃபெயில் என்ற வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. இதை அவர் குறையாக நான் நினைக்கவில்லை. வண்டலூரில் பொறியியல் கல்லூரியும் வைத்துக் கொடுத்தாரே. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் புத்தகத்தைப் பரணில் போட்டது நாங்கள்தான். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் வெறும் புகழ்ச்சியாகிவிடும்.

அவரை இக்காலச் சீதக்காதி என்று நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. அந்த வள்ளல் அடங்கியிருப்பதும் இதே ஊரில்தான்.

என் வேண்டுகோள் இது. 1988இல் அந்தக் கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கு இன்று பேரப்பிள்ளை எடுக்கும் வயது. பலர் கீழக்கரையிலேயே இருக்கிறார்கள். ஆசிரியைகளாக, கணக்கு எழுதுகிறவர்களாக, வீட்டு நிர்வாகத்தை முழுக்கத் தோளில் சுமப்பவர்களாக. நிருபர் ஒருவரை, முடிந்தால் ஒரு பெண் நிருபரை, அனுப்பி அவர்களிடம் பேசச் சொல்லுங்கள். அப்புறம் ஈடிஏவில் வேலை பார்த்துத் திரும்பிய மூத்தவர்களையும் பாருங்கள். பழைய பாஸ்போர்ட்டுகளையும் கடிதக் கட்டுகளையும் இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அரபுத்தமிழை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் உம்மா இருக்கிறார். வீடு வீடாகக் கூட்டிப்போக நான் தயார்.

இப்படிக்கு,
பள்ளி ஆசிரியை ஒருவர்,
கீழக்கரை