செயலாளர் அறிக்கை 2024–25: சந்தா, சுண்டல், தோட்டாப் பெயர்கள்

நம் ரைஃபிள் கிளப் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். பொதுக்குழு கூடியது. ஆயுத பூஜை நடந்தது, சுண்டல் பற்றவில்லை. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் நம் ஜூனியர் பிள்ளைகள் பதக்கம் வாங்கி வந்தார்கள். மழையில் சரிந்த ரேஞ்ச் மண்மேட்டைத் திரும்பக் கட்டியாயிற்று.

இனி, தோட்டாப் பெயர்களை விளக்கி நான் எழுதி ஆர்மரியின் (ஆயுத அறையின்) சுவரில் மாட்டியிருக்கும் பலகை. "ரைஃபிள் கிளப்பா, பள்ளிக்கூடமா?" என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார், நாலு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு எழுத்திலேயே பதில் இருக்கட்டும்.

தோட்டா கேட்டு எழுதும் தேவைச் சீட்டில் ஓர் உறுப்பினர் வெறும் ".32" (குழலின் உத்தேசப் பருமன், அங்குலத்தில்) என்று எழுதிக் கொடுத்தார். கடையிலும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் .32 ஏ.சி.பி. பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அவர் வைத்திருப்பதோ கான்பூர் ரிவால்வர், அதற்கு வேண்டியது .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். ஏ.சி.பி. என்பது இஷாப்பூர் அஷானி மாதிரி பிஸ்டலுக்கானது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும்: லாங்கின் கூடு (குண்டையும் மருந்தையும் தாங்கும் உலோகக் குப்பி) ஏறக்குறைய 23 மி.மீ. நீளம், அடியில் விளிம்பு நன்றாகத் துருத்திக்கொண்டிருக்கும். ஏ.சி.பி.யின் கூடு 17 மி.மீ. சொச்சம், விளிம்பு மயிரிழைதான் வெளியே தெரியும். ஆனால் ஊரில் எல்லோர் வாயிலும் இரண்டும் "பாயிண்ட் த்ரீ டூ" தான். பதிவேட்டில் ஏறிவிட்டது, திரும்ப எடுக்க முடியாது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார், பேச்சு வாங்கியது மட்டும் செயலாளர்.

பெயர் வைத்தவர்களையும் சும்மா விடுவதற்கில்லை. .38 ஸ்பெஷல் என்கிறார்கள், அதன் குண்டின் விட்டம் 0.357 அங்குலம்! பழைய காலத்துத் தோட்டாவில் குண்டும் கூடும் ஒரே பருமனாக இருந்ததால் கூட்டை அளந்து வைத்த பெயர், குண்டு கூட்டுக்குள் போன பிறகும் அப்படியே தங்கிவிட்டது. 1935இல் வந்த .357 மேக்னத்துக்கும் அதே பருமன் குண்டுதான், கூடுதான் 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் நீளம். .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷலைச் சுடலாம், .38இல் .357 போடவே கூடாது, அதன் அழுத்தத்தை .38 தாங்காது. கூட்டை நீளமாக வைத்ததே இந்த விபரீதத்தைத் தடுக்கத்தான்.

அதோடு விட்டார்களா? .30-06 என்றால் 06 என்பது 1906ஆம் ஆண்டு. .30-30இல் இரண்டாவது 30, அந்தக் காலத்தில் அதில் போட்ட மருந்தின் எடை, கிரெயின் என்ற சிறிய எடை அளவில். .250-3000இல் வருவது வேகம், விநாடிக்கு 3000 அடி. மூன்றிலும் அதே சின்னக் கோடு, அர்த்தம் மட்டும் வேறு வேறு. நம் பக்கத்து .315ஐ 8 மி.மீ. என்றும் சொல்கிறார்கள், அது கணக்குப்படி சரி. ஆனால் 8 மி.மீ. என்ற பெயரில் மவுசர் உட்பட வேறு தோட்டாக்களும் இருக்கின்றன, நம் ரைஃபிளுக்கு அவை ஆகாது.

ஷாட்கன் வைத்திருக்கும் தோட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது போர் (bore, குழல் பருமன்) கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாக 12 உருண்டையாக்கினால் ஓர் உருண்டை போகிற குழல் 12 போர். எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும், ஆக 20 போர் என்பது 12ஐவிடச் சின்னது. (.410 இந்தக் கணக்கிலேயே சேராது, அது நேரடியாக அங்குலம்.) 12 போர் துப்பாக்கியில் தவறி 20 போர் தோட்டாவைப் போட்டால் அது வழுக்கிக் குழலுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். வெடிக்கவில்லையே என்று பின்னால் 12ஐப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்துவிடும், இடது கை இருக்காது. 20 போருக்கு மஞ்சள் உறை போடுவது இதற்காகத்தான். பலகையில் இந்த வரியை மட்டும் நான் சிவப்பில் எழுதியதற்குப் "பெயிண்ட் வீண்" என்று ஒரு குறிப்பு வந்தது, பதிவு செய்துகொள்கிறேன்.

இதையெல்லாம் விளக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் வைத்தேன். போடப்பட்ட நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலி. வராதவர்களில் பெரும்பாலோர் சந்தா பாக்கிப் பட்டியலிலும் இருக்கிறார்கள் என்பது தற்செயலாக இருக்கலாம். மறுநாளே வாட்ஸ்அப்பில் "அண்ணே, 9 மி.மீ. ஷார்ட்டும் .380ம் ஒண்ணா?" என்று கேட்டவரும் அந்தப் பட்டியலில்தான். ஒன்றுதான் தம்பி, பலகையில் இருக்கிறது.

வரவு செலவு ஏறக்குறைய நேராக இருக்கிறது. பராமரிப்பு கொஞ்சம் கூடிவிட்டது, இதர செலவுகள் இதர செலவுகளாகவே இருக்கின்றன, விவரம் பொருளாளரிடம் பார்த்துக்கொள்ளலாம். ரேஞ்சுக்கு வந்துபோகும் காவல்துறை அதிகாரிகளுக்கும், பலகை கொடுத்த மரக்கடைக்காரருக்கும், சுண்டல் செய்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இளையவர் யாராவது இந்தப் பொறுப்புக்கு வந்தால் எனக்குச் சந்தோஷமே, சாவியும் பதிவேடும் அன்றே ஒப்படைக்கிறேன். யாரும் வரவில்லை என்றால் வற்புறுத்தலுக்கு இணங்குவேன். வெர்னியர் காலிப்பர் ஒன்று பழுதாகிக் கிடக்கிறது, மனமுள்ளவர் யாராவது வாங்கித் தந்தால் மறுக்கமாட்டோம். தேவைச் சீட்டில் இனி முழுப்பெயர் வேண்டும், துப்பாக்கிக் குழலில் பொறித்திருப்பதைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். சந்தா பாக்கி உள்ளவர்களின் சீட்டை மாத இறுதிக்குப் பிறகு வாங்கவேண்டாம் என்று ஆர்மரியில் சொல்லிவிட்டேன். ஜிபேயும் ஏற்றுக்கொள்ளப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்