மெஷின் ரூம் ஓட்டை

ஹட்டன்
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்பின் மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சுகம். அம்மாவுக்கு மழைக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, வேறொன்றுமில்லை. நீ போனில் பேசி அனுப்பியதை மூன்று தரம் போட்டுக் கேட்டேன். "சினிமா சமூகத்தின் கண்ணாடின்னு ஒரு கட்டுரை எழுதணும்பா, நீங்க தியேட்டர்ல வேலை செஞ்சவர்தானே, ஏதாவது சொல்லுங்க" என்கிறாய். அந்த மைக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு எனக்குப் பேச வராது. கொப்பியில் எழுதி, பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். எழுத்து கோழி கிண்டினமாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் படம் பார்த்தவன் இல்லை, படம் பார்த்தவர்களைப் பார்த்தவன்.

1973இல் பதினாறு வயதில் அந்தக் கொட்டகையில் சேர்ந்தேன். முதலில் கலரி வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை, அப்புறம் மேலே ஒப்பரேட்டருக்குக் கையாள். நீ எடிட்டிங் படிக்கிறாய், ஆனால் கார்பன் குச்சியைப் பார்த்திருக்கமாட்டாய். இரண்டு குச்சியை முட்டவைத்து இலேசாகப் பிரித்தால் வெள்ளைத் தீ பற்றும். அந்த வெளிச்சத்தில்தான் படம். குச்சி எரிந்து குறையக் குறையத் தள்ளிக்கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும், அசந்தால் திரை மஞ்சளாகிவிடும், கீழேயிருந்து என் வம்சத்தையே இழுப்பார்கள். ஒரு பெரிய ரீல் இருபது நிமிஷம். முடியப்போகையில் திரையின் வலதுபக்க மேல்மூலையில் ஒரு பொட்டு வரும், அடுத்த மெஷினை ஓடவிடவேண்டும். சில வினாடியில் இரண்டாவது பொட்டு, அப்போது மாற்றவேண்டும். சுவரில் மெஷினுக்கு இரண்டு ஓட்டை: ஒன்று வெளிச்சம் போக, ஒன்று ஆள் பார்க்க. ஒரே படத்தை நாற்பது தரம் ஓட்டுகிறவன் எதற்குத் திரையைப் பார்க்கிறான்? பொட்டு வருகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் எனக்குத் தெரிந்தது கீழே இருந்த தலைகள்தான்.

நான் சேர்ந்தபோது புதுப் படம் குறைவு. 1972இல் அரசாங்கம் திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைத்து, வெளிநாட்டுப் படம் இறக்குகிற வேலையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. இந்தியப் படங்கள் அளந்துதான் வரும். கொட்டகைக்காரர்கள் பழைய பிரிண்டுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பிழைத்தார்கள். அந்தப் பிரிண்டு கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு எல்லாம் சுற்றி அறுந்து ஒட்டி எங்களிடம் வரும்போது அங்கங்கே ஒரு முழம் குறைந்திருக்கும். கதாநாயகி வாசலைத் தாண்டுவாள், அடுத்த நொடி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மலைக்கு வருகிறதெல்லாம் அப்படித்தான் என்று பழகிப்போயிருந்தது.

அப்படி வந்ததுதான் 'பராசக்தி'. 1952ஆம் வருஷத்துப் படம், நாங்கள் ஓட்டியது 1974இல். உன் வகுப்பில் அதைப் பற்றி என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும்: கலைஞர் வசனம், சிவாஜியின் முதல் படம், திராவிட இயக்கம், கோயில் பூசாரி. எல்லாம் சரி. ஆனால் 1974 இங்கே பிரதமர் சிறிமா காலத்துப் பஞ்சம். பாண் வாங்க விடியமுன் கியூ. தோட்டங்களில் கிழங்கும் கீரையும் அவித்துத் தின்றும் தாங்காமல் ஆட்கள் செத்தார்கள். உன் தாத்தா ஒரு ரொட்டியை நாலாகப் பிய்த்துப் பெரிய துண்டை அக்காவுக்கும் எனக்கும் வைத்துவிட்டு, "எனக்குப் பசிக்கலடா" என்பார். அந்தப் பொய்யை நாங்களும் நம்பினமாதிரி நடித்தோம்.

அந்தப் பசியிலும் சம்பள வாரத்தில் கலரி நிறைந்துவிடும். படத்தில் கதாநாயகனின் தங்கை கல்யாணி, பிள்ளைக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் அதைத் தூக்கி ஆற்றில் போடுகிற இடம் வந்தது. வழக்கமாக எந்தப் படமானாலும் கலரியில் விசிலோ, இருமலோ, கடலைச் சுருள் கசங்குகிற சத்தமோ ஏதாவது இருக்கும். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம்தான். முன்வரிசையில் ஒரு பெண் மடியில் தூங்குகிற பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிள்ளை அழவில்லை, அசையவில்லை, சும்மா எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் பொட்டைத் தவறவிட்டேன். திரை வெள்ளையாகிவிட்டது. அதற்கும் யாரும் கத்தவில்லை.

அந்தப் படம் வந்தபோது மதராசில் அதைப் பார்த்தவர்களுக்கு அது அவர்கள் ஊர் அரசியல். நம்மவர்களுக்கு அது சாப்பாட்டு விஷயம். படம் ஒன்றுதான், ஆனால் எந்த ஊரில், எந்த வருஷத்தில், எந்த வயிற்றோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதில் அது வேறாகிவிடுகிறது. கண்ணாடி என்று எழுதும்போது இதை யோசித்துக்கொள். கண்ணாடியில் முன்னால் நிற்கிறவன் முகம்தானே தெரியும்? நாங்கள் எங்கே நின்றோம்? பக்கவாட்டில் நின்று எட்டிப் பார்த்தோம். அப்படியும் எங்கள் முகம் தெரிந்த நாட்கள் உண்டு.

அதே படத்தில் இன்னொன்று. ரங்கூனிலிருந்து ஊர் திரும்புகிறவன் மதராசில் இறங்கின உடனே கைக்காசைப் பறிகொடுத்து நிற்கிறான். 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று இரண்டு நாடும் மலையகத் தோட்டத் தமிழர்களான எங்களைப் பிரித்துக்கொண்டன. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். நாங்கள் அந்தப் படத்தை ஓட்டிய வருஷம் அது. வீட்டுக்கு வீடு யார் போவது, யார் இருப்பது என்ற பேச்சு. உன் அத்தை போகிற பக்கம். அவளுடைய மாமியார் வீட்டில் இந்தியாவுக்கு எழுதிப்போட்டிருந்தார்கள்.

ஒப்பாரிக் கோச்சி என்று நீ கேள்விப்பட்டிருப்பாய், இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிப்போன ரயில். ஹட்டன் ஸ்டேஷனில் நான் நின்று பார்த்தேன். கோச்சி நகர்கிறபோது உள்ளேயிருப்பவர்களும் வெளியே நிற்பவர்களும் சாவு வீட்டில் அழுகிறமாதிரி மாரடித்து அழுதார்கள். அக்கா மட்டும் அழவில்லை. ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க போனா புதுப் படத்தை மொத நாளே பார்க்கலாம்டா. உன்னோட அறுந்த படத்தை நீயே வச்சுக்க" என்றாள். தலைமன்னாரில் கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். மண்டபத்தில் யாரோ ஒரு தரகன், கடன் எடுத்துத் தருகிறேன் என்று அத்தானிடம் இருந்ததையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அதை அவள் எழுதின அன்றைக்கு எனக்குப் படக்கதை ஞாபகம் வந்தது. உன் தாத்தாவிடம் சொன்னேன். "படத்துல அவனுக்கு அண்ணன் ஜட்ஜ். இவளுக்கு யாரு?" என்றார்.

எம்.ஜி.ஆரைப் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை, அது உனக்குத் தெரிந்ததுதான். நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்தவர் என்பதால் எங்கள் ஆட்களுக்கு அவர் சொந்தக்காரர். 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் அவர் சாட்டையைக் கையில் எடுத்தால் கலரியில் ஒருவன் தன் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்துவான். மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் அதே கணக்கப்பிள்ளை முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பான். இதை வைத்துச் சினிமா ஜனங்களை ஏமாற்றியது என்று நீ எழுதக்கூடும். எழுதிக்கொள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டரை மணித்தியாலமாவது அவன் கத்தினான்.

நம்மைப் பற்றி நம் நாட்டிலேயே எடுத்த படமும் உண்டு. உன் வகுப்பில் அதை யாரும் சொல்லமாட்டார்கள், நீதான் சொல்லவேண்டும். 1963இலேயே 'தோட்டக்காரி' என்று ஒன்று வந்தது, நான் பார்க்கவில்லை. 1975இல் வந்த 'புதிய காற்று'வை நானே ஓட்டினேன். தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் தயாரித்து, அவரே கதாநாயகனாக நடித்தார். கதை நம் மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப். அங்கே நடிகர் தலைவரானார், இங்கே தலைவர் நடிகரானார், அதுதான் வித்தியாசம். லொறி பிடித்து வந்து பார்த்தார்கள். திரையில் தேயிலை மலை வந்ததும் கொட்டகை எழுந்து நின்று விசிலடித்தது. தினமும் மிதிக்கிற மலைதான், ஆனால் அது அவ்வளவு பெரிதாக, முன்னால், வெளிச்சத்தில் நின்றால் வேறுதானே.

அது முதல் நாள். மூன்றாம் நாள் இடைவேளையில் ஒரு பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னிடம் சொன்னது இது: "காசு குடுத்து இதையா பார்க்கணும்? காலைல பிரட்டுக்குப் போனா சும்மாவே பார்க்கலாம். வாள் சண்டை உள்ள படமா ஒண்ணு கொண்டாங்கப்பா." அவரை முட்டாள் என்று நினைக்காதே. ஆறு நாளும் கொழுந்துச் சாக்கு தூக்குகிறவன் ஏழாம் நாளும் அதையே பார்க்க விரும்பமாட்டான். நம் கஷ்டத்தைப் படமாக எடுக்கிறவர்கள் இந்தப் பெரியவரை மனதில் வைத்துக்கொண்டால் நல்லது. நீயும்தான்.

சிங்களப் படத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். முதல் சிங்களப் படம் 1947இல் வந்தது. தயாரித்தவர் எஸ்.எம். நாயகம், தமிழர். படம் பிடித்ததும் தென்னிந்தியாவில். அதில் நடித்த ருக்மணி தேவி இராம்பொடையில் பிறந்தவர், இயற்பெயர் டெய்சி ராசம்மா. சிங்களச் சனம் இன்றைக்கும் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. இப்படிக் கலந்து கிடந்ததைத்தான் 1983 ஜூலைக் கலவரத்தில் கொளுத்தினார்கள். ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோவும் எரிந்தது. எங்கள் கொட்டகை பல நாள் பூட்டிக்கிடந்தது. திறந்தபோது இரண்டாம் ஆட்டம் இல்லை. இருட்டினபிறகு டவுனுக்கு வர யாருக்கும் தைரியம் இல்லை. அப்புறம் வீடியோ டெக் வந்தது, கோயில் திருவிழாவில் ஜெனரேட்டர் வைத்து விடியவிடிய மூன்று படம். கொட்டகை மெல்லச் செத்தது. நான் கடை வைத்தேன், அந்தக் கதை உனக்குத் தெரியும்.

உன் அம்மா விஷயம் ஒன்று. 'பரதேசி'யை டிவியில் போட்டான். 2013இல் வந்த படம், வெள்ளைக்காரன் காலத்துத் தமிழ்நாட்டுத் தேயிலைத் தோட்டக் கதை. ஊருக்குப் போகிற நாளில் கங்காணி கணக்குப் பார்த்து, கடன் மிச்சம் என்று பிடித்துவைக்கிற இடத்தில் அம்மா ரிமோட்டை வைத்துவிட்டு, "அரைப்பேர்" என்றாள். முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவள். கொழுந்து நிறை ஒரு கிலோ குறைந்ததற்கு நாள் முழுதும் நனைந்த சம்பளத்தில் பாதியை வெட்டின நாட்களை அவள் எண்ணிவைத்திருக்கிறாள். கடைசியில் அந்த ராசாவின் பெண்டாட்டியும் பிள்ளையும் புது ஆட்களோடு மலையேறி வருகிறார்களே, அதைப் பார்க்காமல் குசினிக்குப் போய்விட்டாள். போய் விளக்குமாற்றால் கூட்டினாள். இரவு ஒன்பது மணிக்கு யாராவது குசினி கூட்டுவார்களா?

நீ அனுப்பின பிரசன்ன விதானகேயின் 'பரடைஸ்' படமும் பார்த்தேன். நம் மலைக்கு உல்லாசமாக வந்த இந்தியத் தம்பதியின் சாமான் திருட்டுப்போகிறது. பொலிஸ் போய்ப் பிடித்துவருவது நம் பையன்களை. சரியாகத் தெரியாமலே அந்தப் புருஷன் இவர்கள்தான் என்று காட்டிவிடுகிறான். எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது, நம் ஆட்கள் அதில் கொஞ்ச நேரம்தான் வருகிறார்கள் என்பது. வேடிக்கையாக இருக்கிறதா? நம்மைப் பற்றிய உண்மையே அதுதான். மற்றவன் விடுமுறைப் படத்தில் ஓரமாக நிற்கிறோம். சிங்கள டைரக்டர் ஒருவருக்கு அது தெரிந்திருக்கிறது.

இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போன குடும்பத்தின் கதையான 'டூரிஸ்ட் ஃபேமிலி' படம் வந்தபிறகு சென்னையில் உன்னிடம், "நீங்க சிலோன்னா ஏன் அவங்க மாதிரி பேசமாட்டேங்கிறீங்க?" என்று கேட்கிறார்கள் என்றாயே, அதைக் கேட்டு அம்மா சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. தமிழ்நாட்டுப் படத்தில் இலங்கைத் தமிழ் என்றால் யாழ்ப்பாணத் தமிழ்தான். நாம் பேசினால் மதுரைக்காரனா, திருச்சிக்காரனா என்கிறார்கள். 1823இல் கோப்பி நட வந்தவர்களின் பிள்ளைகள், இருநூறு வருஷம் தாண்டிவிட்டது, இன்னும் நம் பேச்சுக்கு அந்தத் திரையில் இடமில்லை. உன் கட்டுரையில் இதைக் கோபமாக எழுது. மற்றதையெல்லாம் மெதுவாக எழுதினாலும் பரவாயில்லை.

கொட்டகை இப்போது தளபாடக் கடை. போன மாதம் ஒரு நாற்காலி பார்க்கிற சாட்டில் உள்ளே போனேன். அலுமாரிகளுக்கு மேலே பின்சுவரில் அந்த நாலு ஓட்டையும் அப்படியே இருக்கிறது. ஒன்றில் குருவி கூடு கட்டியிருக்கிறது. முதலாளிப் பையன், "ஏசி போடப்போறோம் அங்கிள், அதுக்கு முன்னாடி அதையெல்லாம் அடைச்சிடுவோம்" என்றான். தைக்குள் வரமுடிந்தால் வந்து படம் பிடித்துக்கொள்.

இன்னொன்று. லீவு கிடைத்தால் கோத்தகிரிக்கு ஒரு நடை போய் அத்தையைப் பார்த்துவிட்டு வா. போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் கழித்து அவள் எழுதின கடிதம் என்னிடம் இருக்கிறது: "பஸ்ஸுக்கும் டிக்கட்டுக்கும் சேர்த்து ஒருநாள் சம்பளம் போகும், இன்னும் ஒரு படமும் பார்க்கலடா." அதற்குப் பிறகு எழுதின கடிதங்களில் சினிமா பேச்சே இல்லை. அங்கே போய் முதலில் பார்த்த படம் எது என்று நான் கேட்டதாகக் கேள்.

இப்படிக்கு
அன்பு அப்பா