மஞ்சள் பட்ஜிக்கு மூக்குக் கணக்கு பொருந்தாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் செல்லப் பறவைகள் பகுதியில், பட்ஜி என்ற சிறு கிளிக்கு மூக்கு நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண் என்று வெளியாகியிருந்தது. நன்கு வளர்ந்த பச்சை, நீலப் பறவைகளுக்கு இது சரி. ஆனால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இவற்றை லவ் பேர்ட்ஸ் என்று ஜோடியாகக் கேட்டு வாங்குபவர்கள் குஞ்சுகளையும், மஞ்சள், வெள்ளை நிறங்களையும்தான் ஆசையாக எடுக்கிறார்கள். ஏமாற்றம் அங்கேதான் நடக்கிறது.

முதலில் குஞ்சுகள். அலகுக்கு மேல் இரண்டு துவாரங்களோடு இருக்கும் சதையைத்தான் மூக்கு என்கிறோம். ஒன்றரை, இரண்டு மாத ஆண் குஞ்சுக்கு அது நீலமாக இருக்காது. துவாரத்தின் விளிம்பு வரை ஒரே சீராக, ஊதா கலந்த ரோஸ் நிறத்தில் இருக்கும். வெளிர் நீலம் தெரிவது பெண் குஞ்சுக்குத்தான். கூடவே துவாரத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளை வளையம் இருக்கும். அந்த வெளிர் நீலத்தை நம்பி ஆண் என்று வாங்கி, இரண்டு பெண்களை ஒரே கூண்டில் விட்டுவிடுகிறார்கள். இரண்டும் முட்டையிடும், மாறி மாறி அடைகாக்கும், பொரிக்க வேண்டிய 18 நாளும் கடந்துபோகும், அத்தனையும் கூமுட்டை. முட்டையிடும் பானைக்காகச் சண்டை மூண்டால் ஒன்று மற்றொன்றைக் கொன்றும் விடும். கடை டியூப்லைட்டில் வெள்ளை வளையம் சரியாகத் தெரியாது. பறவையைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, முகத்தை நேர் எதிரே வைத்துப் பாருங்கள்.

அடுத்தது நிறம். லுட்டினோ என்ற சிவப்புக் கண் மஞ்சளிலும், அல்பினோ என்ற சிவப்புக் கண் வெள்ளையிலும் மெலனின் என்ற கருநிறமி இல்லை. அதனால் ஆணின் மூக்கு எத்தனை வயதானாலும் ரோஸாகவே நிற்கும், நீலமாகாது. திட்டுத் திட்டாக நிறம் கலந்திருக்கும் பைட் பறவைகளில் இரண்டு வகை உண்டு. ரிசஸிவ் பைட் ஆணுக்கும் இதே கதைதான். டாமினன்ட் பைட் ஆணுக்கு வழக்கம் போல நீலம் வரும். கடைகளில் இரண்டையும் வெறும் 'பைட்' என்று சொல்லி விற்பதால், கண்ணைப் பார்த்துப் பிரிக்க வேண்டும்: வளர்ந்த ரிசஸிவ் பைட்டின் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையமே விழாது, முழுக் கறுப்பாக இருக்கும்.

வயதைக் கணிப்பதிலும் மஞ்சள் பறவை ஏமாற்றும். சாதாரணக் குஞ்சுக்கு நெற்றியில் மூக்கு வரை கறுப்பு வரிகள் ஓடும். மூன்று, நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்ததும் அவை மறையும். லுட்டினோவுக்கு அந்த வரியே கிடையாது. எனவே கண் வளையத்தைத்தான் பார்க்க வேண்டும். நான்கு மாதத்துக்குப் பிறகு மெல்லத் தோன்றி, எட்டு மாத அளவில் தெளிவாகும். ஒரு வயதை நெருங்காத பெண்ணுக்குப் பானை கட்டினால் முட்டை உள்ளே சிக்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

வளர்ப்பவர்களுக்கு இதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. லுட்டினோ ஆணைச் சாதாரணப் பச்சைப் பெண்ணோடு சேர்த்தால், பிறக்கும் மஞ்சள் குஞ்சு எல்லாமே பெண், பச்சை எல்லாமே ஆண். இந்த நிற மரபணு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் பால் குரோமோசோமில் இருப்பதும், மகளுக்கு அது தந்தையிடமிருந்து மட்டுமே வருவதும்தான் காரணம். கண் திறக்கும் முன்பே தோல் வழியாகச் சிவப்புக் கண் தெரிந்துவிடுவதால் மூக்கைப் பார்க்கும் வேலையே இல்லை. ஓபலைன், சின்னமன் என்ற நிற வகை ஆண்களை அந்த நிறம் இல்லாத பெண்ணோடு சேர்த்தாலும் இதே விளைவுதான். ஆனால் ஜோடியைத் திருப்பிப் போட்டு, பச்சை ஆணோடு லுட்டினோ பெண்ணைச் சேர்த்தால் இந்தக் கணக்கு உதவாது: ஆண் ஸ்பிளிட்டாக, அதாவது லுட்டினோ மரபணுவை வெளியே தெரியாமல் சுமப்பதாக, இல்லாவிட்டால் குஞ்சுகள் எல்லாமே பச்சை. ரிசஸிவ் பைட்டின் மரபணு பால் குரோமோசோமில் இல்லாததால் அதற்கும் இந்த வழி கிடையாது. அங்கே சந்தேகம் இருந்தால் நெஞ்சிலிருந்து வேரோடு எடுத்த நான்கைந்து இறகுகளை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பலாம். உதிர்ந்த இறகை நம்ப முடியாது.

ஆகவே கடைக்காரர்கள் கூண்டில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பொரித்த மாதமும், தாய் தந்தையின் நிறமும் போதும். வளர்ப்பவரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் கிடைக்கும் தகவல் இது. உங்கள் நாளிதழும் அந்தக் குறிப்பைத் திருத்தி வெளியிட வேண்டுகிறோம். திருத்தத்தில் மறக்காமல் ஒன்றைச் சேருங்கள்: நீல மூக்கோடு வளர்ந்த ஆணுக்குப் பிறகு மூக்கில் பழுப்பு படர்ந்தால், பெண்ணைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று கடையில் போய்ச் சண்டை போட வேண்டாம். விதைப்பையில் கட்டி வந்தாலும் அப்படி நிறம் மாறும். உடனே வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கோ, பறவைகளைப் பார்க்கும் மருத்துவரிடமோ கொண்டுபோக வேண்டும்.

இப்படிக்கு,
பட்ஜி வளர்ப்போர் சிலர்,
பெரம்பூர், சென்னை.