எஞ்சின் இல்லாத ஓட்டோ ஒன்று தாருங்கள்

யாழ்ப்பாணத்தில் கட்டடங்களுக்கு முப்பரிமாணக் காட்சி செய்யும் அலுவலகங்களுக்கும், அந்தப் பாடத்தைப் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

உங்களிடையே கைமாறி இப்போது மாணவர்களிடமும் வந்து சேர்ந்திருக்கும் அந்த வாகனக் கோப்பைப் பற்றி எழுதுகிறேன். எதைச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஓட்டோ, மினிபஸ், பட்டா என்னும் சிறு லொறி, மோட்டார்சைக்கிள் எல்லாம் ஸ்கெச்அப் என்னும் முப்பரிமாண வரைதல் மென்பொருளின் ஒரே கோப்பில் கிடக்கின்றன. நம்மூர் வாகனங்களை யாரோ ஒருவர் சேர்த்துத் தந்தாரே என்று எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். திறந்து பார்த்தால் ஓட்டோவுக்குள் எஞ்சின் இருக்கிறது. ரயரின் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக வெட்டப்பட்டிருக்கிறது. எந்தக் கமராவுக்கும் தெரியாத இடத்தில் சுருள்வில்லுகள் இருக்கின்றன.

கஸ்தூரியார் வீதியில் ஒரு கடைத்தொகுதிக்குப் படம் செய்கிறோம் என்றால் காட்டவேண்டியது கடைத்தொகுதி. தெருவின் அளவு புரியவும் இடம் நம்மூராகத் தெரியவும்தான் வாகனம் வைக்கிறோம். அந்த ஓட்டோவில் நாலைந்தை நிறுத்தினால் கட்டடம் முழுவதையும் விட ஓட்டோக்களே பாரமாகிவிடுகின்றன.

இதன் அடி விழுவது உங்கள் அலுவலகத்துப் பெரிய கணினியில் அல்ல. 8 கிகாபைட் நினைவகம் உள்ள மடிக்கணினியோடு இறுதித் திட்டம் செய்யும் மாணவரின் மேசையில் விழுகிறது. ஸ்கெச்அப் வழமையாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும். கோப்புப் பெருத்தால் ஒவ்வொரு சேமிப்பின்போதும் திரை அப்படியே உறைந்து நிற்கும். ஒரு கோட்டை இழுக்கத் தொடங்கும்போது நிற்கும், விடுபட்டு நாலு கோடு போடுவதற்குள் மறுபடி நிற்கும். பொறுக்க முடியாமல் மாணவர் அந்தத் தானியங்கிச் சேமிப்பையே நிறுத்திவிடுகிறார். அதற்குப் பிறகு மென்பொருள் விழுந்தால், மத்தியானம் தொடங்கிச் செய்த வேலை இரவில் இல்லை. சமர்ப்பிக்கும் கிழமையில் இது நடக்கிறது. அப்போது அவருக்குக் கிடைக்கும் அறிவுரை, நல்ல கணினி வாங்கு என்பது. கோப்பைத் திருத்தித் தருகிறோம் என்று ஒருவரும் சொல்வதில்லை. இது நியாயமில்லை.

ஆகவே கேட்கிறேன்: எளிய, பாரம் குறைந்த உள்ளூர் வாகன மாதிரிகளை, வண்டிக்கு ஒரு கோப்பாகப் பிரித்துப் பகிருங்கள்.

எளிமை என்றால் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். முப்பரிமாண உருவத்தின் பரப்பு சின்னச் சின்ன முக்கோணங்களாகவே கணக்கிடப்படுகிறது, அவை கூடக் கூடப் பாரமும் கூடும். கமராவிலிருந்து 15 மீற்றருக்கு அப்பால் நிற்கும் ஓட்டோவுக்கு 2,000 முக்கோணம் தாராளம். தெருக்கோடியில் தெரிவதற்கு 400 போதும். கமராவுக்கு முன்னாலேயே நிற்கும் ஒன்றிரண்டுக்கு மட்டும் 15,000 வரை போகலாம். சில்லு வட்டத்துக்கு ஸ்கெச்அப் தானாக 24 பக்கம் போடும். 12 ஆக்குங்கள். 8 வரை குறைத்தால் மூலைகள் கண்ணில் குத்தும். காருக்குக் கண்ணாடியைக் கருமையாக்கி உள்ளே ஒன்றும் வைக்காமல் விடலாம். ஓட்டோவுக்கு அது சரிவராது, பக்கம் திறந்த வண்டி. பின்னாசனம் ஒரு பெட்டி, கைபிடி ஒரு தடி, சாரதி இருக்கை இன்னொரு பெட்டி, அவ்வளவும் கட்டாயம் வேண்டும். கூரையைத் தடிப்பில்லாத ஒற்றை முகமாக (பரப்பாக) விட்டால், மாதிரியை இறுதிப் படமாக்கும் சில றெண்டர் மென்பொருள்களில் உட்புறம் மறைந்தே போகும். 2 சென்ரிமீற்றர் தடிப்புக் கொடுங்கள்.

சைக்கிள் இல்லாத யாழ்ப்பாணத் தெருவைப் படத்தில் காட்டினால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் சில்லுக் கம்பிகளை உருவமாகச் செய்யாதீர்கள். ஒரு கம்பியை 6 பக்க உருளையாக வைத்தாலே 12 முக்கோணம், 36 கம்பிக்கு 432, இரண்டு சில்லுக்கு 864. ஒரு தட்டையான வட்டில் ஒளிபுகும் பின்னணியுள்ள கம்பிப் படத்தை ஒட்டினால் அந்த வேலை முடிந்துவிடும்.

ஏற்கெனவே உள்ள பாரமான மாதிரியைக் குறைப்பவர்கள் பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில், முக்கோணங்களைக் குறைக்கும் டெசிமேற் கருவியை எடுத்தவுடன் முழு வண்டிக்கும் போட்டுவிடுகிறீர்கள். சில்லு கோணலாகிறது, பக்கக் கண்ணாடி கிழிகிறது, பெயின்ற் பரப்பில் கறைபோல நிழல் விழுகிறது. முதலில் உள்ளே இருப்பதை அழியுங்கள், பாதிப் பாரம் அங்கேயே போய்விடும். சில்லுகளைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். மிஞ்சும் உடம்புக்கு மட்டும் டெசிமேற் போடுங்கள். பிறகு முகங்களின் திசையைப் பாருங்கள்: பிளெண்டரின் முகத்திசைக் காட்சியில் வெளிப்புறம் நீலமாக இருக்கவேண்டும், சிவப்பு தெரிந்தால் அந்த முகம் புரண்டிருக்கிறது. பரப்பில் ஒட்டும் டெக்ஸ்சர் படம் பக்கத்துக்கு 1024 புள்ளிக்கு மேல் வேண்டாம். 4096 புள்ளிச் சதுரப் படம் சுருக்காமல் நினைவகத்தில் 64 மெகாபைட் பிடிக்கும், 1024 வெறும் 4. ஸ்கெச்அப்பில் வண்டியைக் கொம்பொனன்றாக, அதாவது திரும்பத் திரும்ப வைக்கக்கூடிய ஒரே தொகுப்பாக, சேமியுங்கள். அப்போது பத்து வைத்தாலும் உருவம் ஒருமுறைதான் பதியும். வெறும் முகங்களாக விட்டால் பத்துமுறை பதியும். மாதிரியின் அச்சுகள் சந்திக்கும் மூலப்புள்ளியைச் சில்லு நிலத்தைத் தொடும் மட்டத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் வண்டிகள் மிதக்கும், அல்லது தார் றோட்டுக்குள் புதையும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். உள்ளூர் மாதிரி கிடைக்காதபோது மென்பொருளோடு வரும் வெளிநாட்டு வண்டிகளை வைக்கிறீர்கள். நாங்கள் இடப்பக்கம் ஓடுகிற நாடு. வலப்பக்கம் ஓடும் நாட்டுப் பஸ்சுக்கு வாசல் வலப்பக்கத்தில் இருக்கும். அதை நம் தரிப்பிடத்தில் நிறுத்தினால் சனம் நடுறோட்டில் இறங்கவேண்டும். புரட்டிப் போட்டால் இலக்கத் தகடும் பெயர்ப் பலகையும் கண்ணாடி எழுத்தாகிவிடும். அளவுப் பிழை இதைவிட மோசமானது. 2 மீற்றர் அகலமான அமெரிக்கப் பிக்கப்பை ஒழுங்கையில் நிறுத்திக் காட்டினால், இந்த ஒழுங்கைக்குள் வாகனமே வராது என்று வீட்டுக்காரர் நினைப்பார். உண்மையில் அங்கே போவது 1.3 மீற்றர் அகல ஓட்டோவும் 1.5 மீற்றர் அகலப் பட்டாவும்தான். பெரிய தரிப்பிடத்துக்கோ மதிலைப் பின்தள்ளுவதற்கோ காசு செலவழிக்கும் முடிவுகள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகின்றன. இதை அலங்கார விசயம் என்று தட்டிக்கழிப்பவர்கள் தங்கள் வாடிக்கையாளருக்குத் துரோகம் செய்கிறார்கள்.

உரிமத்திலும் கவனம் வேண்டும். விளையாட்டு மென்பொருளிலிருந்து உருவியெடுத்த கார்களைப் பகிர்வதை நிறுத்துங்கள். வணிகப் பயன்பாடு கூடாது என்ற உரிமத்தில் வந்ததைக் காசுக்குச் செய்யும் வேலையில் வைக்க முடியாது. மாணவர்கள் இதை உங்களைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். நீங்களே செய்ததைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் சீரோ உரிமத்தில் விட்டால் யாரும் தடையின்றி எடுக்கலாம்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் எல்லோரிடமும் வேலை குவிந்திருக்கிறது என்பது தெரியும். ஆனாலும் ஓர் அலுவலகம் ஒரு வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். ஓட்டோ, சைக்கிள், ஸ்கூட்டர், பட்டா, இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) சிவப்புப் பஸ், மினிபஸ், லான்ட்மாஸ்ரர் என்னும் இருசில்லு உழவு இயந்திரம், இவ்வளவும் இருந்தால் நம்மூர்த் தெருக்களில் பெரும்பாலானவற்றுக்குக் காணும். ஸ்கெச்அப் கோப்போடு, மற்ற மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய ஜிஎல்பி வடிவக் கோப்பு ஒன்றும் வையுங்கள், பிளெண்டர்க்காரருக்கு உதவும். கோப்பின் பெயரிலேயே முக்கோண எண்ணிக்கையையும் அளவு அலகையும் எழுதுங்கள். மில்லிமீற்றரில் செய்ததை மீற்றராகத் திறந்தால் ஓட்டோ 2.6 கிலோமீற்றர் நீளமாகிவிடும்.

அடுத்த தொகுதி மாணவர்கள் இறுதித் திட்டத்தைத் தொடங்குமுன் அந்த எளிய ஓட்டோவையாவது பகிருமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். பழைய கோப்பை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.

நன்றியுடன்,
யாழ்ப்பாணத்துக் காட்சிப்படுத்தல் வரைஞர் ஒருவர்