அந்தப் படத்தின் கீழே இருந்த வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகப் பயணக் கட்டுரையை ஆசையாகப் படித்தேன். சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் வாய் நிறையப் பாராட்டு. கடைசிப் படத்தில் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள். அதன் கீழே மட்டும் ‘விருந்தைக் கெடுக்க வந்த அருவருப்பான பிணந்தின்னிகள்’ என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எச்சில் இலை எடுக்கிறவரைப் பந்தியைக் கெடுக்க வந்தவர் என்று யாராவது சொல்வார்களா?

நான் கென்யாவில் நாரோக் பக்கம் ஒரு கடையில் ஒன்பது வருடம் கணக்கு எழுதியவன். ஒருநாள் காலை, வீட்டுக்குப் பின்னால் ஒரு மாடு செத்துக் கிடந்தது. முதலில் ஒரு பாறு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் நாற்பதுக்குக் குறையாது. முகத்தில் சிவந்த தோல் மடிப்பு தொங்கும் பெரிய பாறுதான் மாட்டுத் தோலைக் கிழித்தது. அப்புறம் வெண்முதுகுப் பாறுகள் கழுத்து முழுவதையும் உள்ளே விட்டுத் தின்றன. அந்த மொட்டைக் கழுத்தைத்தான் அசிங்கம் என்கிறோம். இறகு இருந்தால் இரத்தம் அப்பிக்கொள்ளாதா? மதியச் சாப்பாட்டுக்குள் எலும்புதான் மிச்சம். நாற்றமே இல்லை. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் செத்த மாட்டைத் தின்றாலும் தாங்குகிற வயிறு அதற்கு.

2007-இல் அதே ஊரில் சிங்கம் ஒரு மாட்டை அடித்துப் போட்டது. ஆத்திரத்தில் யாரோ மிச்ச இறைச்சியில் குருணைப் பூச்சிமருந்தைத் தூவிவிட்டார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால், பாறுகள் கால்விரல்களை இறுக மடக்கியபடி புல்லில் கிடந்தன. ஒன்றின் அலகில் இறைச்சித் துண்டு அப்படியே இருந்தது. அதற்கப்புறம் செத்த மாடுகள் நாள்கணக்கில் கிடந்து நாறின, நாய்கள் கூடின. பாறு வராத சடலம் மட்க ஏறக்குறைய மூன்று மடங்கு நாள் ஆகிறது என்று கென்யாவில் ஆய்வு செய்தவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

2019-இல் போட்ஸ்வானாவில் கள்ளவேட்டைக்காரர்கள் கொன்ற 3 யானைகளின் உடலில் விஷம் வைக்கப்பட்டது. ஒரே இடத்தில் 537 பாறுகள் செத்தன. மேலே பாறு வட்டமிட்டால் வனக்காவலருக்கு இடம் தெரிந்துவிடும், அதற்காகத்தான் இப்படி விஷம் வைக்கிறார்கள். அப்போதே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வெளியிடவில்லை, சரி. ஆனால் சிறுவர் பக்கக் கதையில் வில்லனாக அதே பறவை வந்தது. கந்துவட்டி பற்றிய தலையங்கத்திலும் ‘பிணந்தின்னிக் கழுகுகள்’ வந்தன. ஒரு ஈட்டுக்கு ஒரே முட்டை இடுகிற பறவை அது. ஆப்பிரிக்கப் பாறுகளில் நான்கு இனங்கள் அழிவின் விளிம்பில் நிற்பதாக 2015-இலேயே அறிவித்துவிட்டார்கள். உங்களுக்குத் தெரியாததா ஐயா?

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, ‘மாரா ஆற்றங்கரையில் பாறுகள்’ என்று போடுங்கள்.

இப்படிக்கு,
இருபது வருட வாசகன்,
காரைக்குடி.